கவிழ்த்த வாளிமேல் ஒரு ஷெரிஃப்

மார்ச் 5, 1956, திங்கள்

பூட்ஸ் கடிக்கிறது. எனக்கு முன்னால் ஏதோ ஒரு படத்தில் எவனோ சின்னக் கால்காரன் போட்டது. உடைகளைப் பார்த்துக்கொள்ளும் மில்லியிடம் சொன்னேன். படத்தில் என் காலை யாரும் பார்க்கப்போவதில்லை என்று ஆறுதல் சொன்னாள்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நாள் முழுக்க பஸ்ஸில் வந்து முதுகு கழன்றுவிட்டது. அரிசோனாத் தூசி பல்லில் நறநறக்கிறது. ஊரின் பெயர் மெர்ஸி வெல்ஸ். ஊருக்கு வெளியே, செம்புச் சுரங்கம் மூடியபோது ஜனங்கள் விட்டுப்போன தெரு ஒன்று இருக்கிறது. அதுதான் எங்கள் படத்தின் ஊர். சில கட்டடங்கள் நிஜம். மற்றதெல்லாம் அட்டை முகப்பு, பின்னால் முட்டுக்கொடுத்த கட்டைகள். பாங்க் கதவைத் திறந்தால் பாலைவனம்.

கதை இதுதான். ஒரு ஷெரிஃபைக் கொன்றுவிடுகிறார்கள். ஊரார் விளையாட்டாக அவன் மனைவியின் சட்டையில் அவனுடைய பதவிச் சின்னமான நட்சத்திரத்தைக் குத்திவிடுகிறார்கள். அவள் ஊரைச் சுத்தம் செய்கிறாள். கடைசியில் கொலைகாரனுக்கு எதிரே நிற்கும்போது கை நடுங்கிப்போகிறது. கதாநாயகனாக நடிக்கும் டேன் ப்ரூக்கர் வந்து சுடுகிறான். அவள் நட்சத்திரத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, வெள்ளைக் கவுன் மாட்டிக்கொண்டு அவனைக் கல்யாணம் செய்ய சர்ச்சுக்குப் போகிறாள்.

முப்பத்தெட்டு வயதில் கதாநாயகி. கேள்வி கேட்காதே லெனோர். கொடுத்ததை நடி.

மார்ச் 6

இன்று நான்கு கொள்ளைக்காரர்களைச் சுட்டேன். தொப்பியை மாற்றிக்கொண்டு அதே நால்வர் திரும்பி வந்தார்கள். அவர்களையும் சுட்டேன்.

மார்ச் 7, புதன்

காலையில் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பழைய சாம்பல்நிறக் கார் கேமராவுக்கு நேரே வந்து நின்றது. டைரக்டர் வால்ட் கெஸ்லர் (வயிற்றுப்புண்காரர், கையில் எப்போதும் பால் கிளாஸ்) கத்துவதற்கு வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். இறங்கியது ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். பூப்போட்ட கவுன், தட்டைச் செருப்பு, கையில் ஒரு தோல்பை. சர்ச் விருந்துக்கு அழைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

நேரே என்னிடம் வந்தாள். என் சட்டையில் இருந்த நட்சத்திரத்தைக் குனிந்து பார்த்தாள்.

"நீங்கதான் ஷெரிஃபா?"

"ஆமாம்" என்றேன், சிரித்துக்கொண்டு.

"நானும்தான்" என்றாள்.

பெயர் ஹெஸ்டர் டாலிவர். நிஜமாகவே இந்த மாவட்டத்துக்கு ஷெரிஃப். கிழக்கே ஒரு பண்ணையில் ஆடுகள் குட்டி போடுகிற சமயமாம். வெடிச்சத்தத்தில் மிரள்கின்றன, கொஞ்சம் மேற்கே திரும்பிச் சுட முடியுமா என்று கேட்டாள். வால்ட் எதையோ சொல்ல ஆரம்பித்தார். அவள் காத்திருந்தாள். அவ்வளவுதான் செய்தாள். கொஞ்ச நேரத்தில் கேமரா, விளக்கு, கொள்ளைக்காரர்கள் எல்லோரும் மேற்கே திரும்பிவிட்டோம்.

அவளுடைய துப்பாக்கி எங்கே என்று கேட்டேன். தோல்பையைத் தட்டிக் காட்டினாள்.

"பைக்குள்ளயா? அவசரத்துக்கு எப்படி எடுப்பீங்க?"

"அதை எடுக்கற நிலைமை வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடியே நான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து தும்மினாள். குதிரை வாடை அவளுக்கு ஆகாதாம்.

சாயங்காலம் காப்பிக்கடையில் பரிமாறுகிற பெண் மீதியைச் சொன்னாள். கணவர் ஏமஸ் டாலிவர்தான் முன்பு ஷெரிஃப். மழையில் சுரங்கச் சாலையில் வண்டிகளை ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தபோது லாரி மோதிவிட்டது. பதவிக்காலம் முடியும்வரை மனைவியின் பெயர் இருக்கட்டும், கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள், வேலையைத் துணை ஷெரிஃப் ராய் லண்டீன் பார்த்துக்கொள்வான் என்று மாவட்டப் பெரியவர்கள் முடிவு செய்தார்களாம். அவள் கையெழுத்தோடு நிற்கவில்லை. காலம் முடிந்ததும் தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள். வரும் நவம்பரில் மறுபடியும் தேர்தல். இந்தத் தடவை ராயே எதிர்த்து நிற்கிறான்.

எங்கள் கதையை எழுதியவன் இந்த ஊர்ப்பக்கம் வந்ததே கிடையாது. விசாரித்தேன்.

மார்ச் 8, வியாழன்

சாராயக்கடைக் காட்சிக்கு உள்ளூர்ப் பெண்கள் சிலரை எடுத்திருக்கிறார்கள். அதில் நாடீன் என்று ஒருத்தி. இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. உடை அளவு பார்க்கும்போது மில்லி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள். உடனே திரும்ப இறக்கிவிட்டாள். நானும் பார்த்தேன். முழங்கை வரைக்கும் நீலம்.

அவள் புருஷன் ஆரின் பெல்தான் எங்களுக்குக் குதிரை கொண்டுவந்திருப்பவன். அவன் குதிரைகளோடு பேசுவதைக் கேட்டால் எந்தப் பெண்ணும் மயங்கிப்போவாள். அவ்வளவு மெதுவாக. ஒரு கிழட்டுப் பெண்குதிரையின் குளம்பில் முள் எடுக்கும்போது அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எடுத்தான். அதே கைதானா?

யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மத்தியானம் போய்விட்டது. மூன்று மணிக்கு ஷெரிஃப் வந்தாள், ஆட்டுக்காரர் நன்றி சொன்னதாகச் சொல்ல. யாரும் எதையும் சொல்லவில்லை. நாடீனைப் பார்த்தாள், சட்டைக் கையைப் பார்த்தாள். இருவரும் காருக்குப் பின்னால் போய்ப் பேசினார்கள். சாயங்காலம் நாடீன் அந்தக் காரிலேயே போனாள். இனி ஷெரிஃப் வீட்டில் இருக்கப்போகிறாளாம்.

ஆரின் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கார் போவதைப் பார்த்தான்.

மார்ச் 9

காற்று. பாங்க் விழுந்துவிட்டது. டேன் ப்ரூக்கர் நாள் முழுக்கத் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தான். கீழே இருப்பது அவனுடைய முடி இல்லை. எல்லோருக்கும் தெரியும்; தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறான்.

மார்ச் 10, சனி

எழுத்து கோணிக்கொண்டு போகிறது. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

சாராயக்கடைக் காட்சி. நாடீன் தட்டைத் தூக்கிக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே வருகிறாள். ஆரின் வாசலில் வந்து நின்றான். கையில் ரைஃபிள். குதிரைக்காரனுக்கும் வால்ட் ஏதோ வேஷம் கொடுத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். வால்டோ அது என் ஏற்பாடு என்று நினைத்தாராம். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"வீட்டுக்கு வா" என்றான். அவ்வளவுதான்.

நாடீன் தட்டைக் கீழே வைத்தாள். ஆரின் மேலே பார்த்துச் சுட்டான். தொங்கிய விளக்கு உடைந்து என் தோள்மேல் கொட்டியது. நிஜக் கண்ணாடி. நிஜத் தோட்டா. ஐயோ, நிஜத் தோட்டாடா என்று எவனோ கத்தினான்.

அந்தச் சாராயக்கடைக்குப் பின்சுவர் கிடையாது. நாடீன் அப்படியே பின்னால் ஓடிக் குதிரைக் கொட்டகைக்குள் போய்விட்டாள். பக்கத்தில் உருப்படியான கட்டடம் அது ஒன்றுதான். ஆரின் பின்னாலேயே போய்க் கதவில் நின்றான். யாராவது கிட்ட வந்தால் முதலில் அவளைச் சுடுவேன், அப்புறம் என்னையே என்றான். கத்தவில்லை. குதிரைகளிடம் பேசும் அதே குரல்.

நாங்கள் வண்டிகளுக்குப் பின்னால் போய் விழுந்தோம். டேன் வண்டிக்கு அடியில். நான் சக்கரத்துக்குப் பின்னால், இடுப்பில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியோடு, சட்டையில் பளபளவென்று தகர நட்சத்திரத்தோடு. எவ்வளவு கேவலமாக இருந்தது என்று எழுத வார்த்தை இல்லை.

முதலில் வந்தது துணை ஷெரிஃப் ராய். ரைஃபிளை எடுத்துக்கொண்டு எங்கள் ஹோட்டல் முகப்பின்மேல் ஏறிப் படுத்துக் குறிபார்த்தான். அடுத்து அந்தச் சாம்பல்நிறக் கார். ஹெஸ்டர் இறங்கினார். சுற்றிலும் ஒரு பார்வை.

"ராய், கீழ இறங்கு. அது அட்டை. உன் கனம் தாங்காது."

"எனக்கு ஆள் நல்லா தெரியறான், மேடம்."

"பின்னாடி நிக்கற பொண்ணு தெரியுதா?"

ராய் இறங்கினான்.

அப்புறம் என் பக்கம் வந்தார். இந்தாம்மா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்க என்று தோல்பையை என் கையில் கொடுத்தார். வாங்கினேன். கனத்தது. பிறகுதான் உறைத்தது. அவருடைய துப்பாக்கி என் கையில் இருக்கிறது. அவர் வெறுங்கையோடு தெருவின் நடுவில் போய்க்கொண்டிருக்கிறார்.

இதுவரைக்கும் இந்த நாட்குறிப்பில் 'அவள்' என்றுதான் எழுதிவந்தேன். இனிமேல் வராது போலிருக்கிறது.

கொட்டகைக்கு எதிரே ஒரு வாளி கிடந்தது. அதைக் கவிழ்த்துப்போட்டு, கவுனை ஒதுக்கிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர் உட்காருவது மாதிரி, மெதுவாக. ஆரின் ரைஃபிளை அவர் பக்கம் திருப்பினான். அவர் தும்மினார்.

"இந்தக் குதிரைங்களால என் உயிரே போகுது ஆரின்" என்றார்.

அவன் சிரிக்கவில்லை. ஆனால் ரைஃபிள் முனை கொஞ்சம் தாழ்ந்தது. நான் பார்த்தேன்.

பிறகு என்னென்னவோ பேசினார்கள். எல்லாம் காதில் விழவில்லை. காலையில் சாப்பிட்டானா என்று கேட்டார். அவனுடைய அம்மாவைப் பற்றி ஏதோ. நடுநடுவே இருவரும் பேசாமல் இருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. அவர் தொப்பிகூடப் போட்டுக்கொண்டு வரவில்லை. கழுத்து சிவந்து, வேர்வை கவுனில் கோடாக இறங்கியது. அந்த மௌனம்தான் என்னை உலுக்கிவிட்டது. நானாக இருந்தால் வாய் மூடியிருக்க முடியாது. எதையாவது சொல்லி, எதையாவது சத்தியம் செய்து... நடிகர்கள் நாங்கள், எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தினாலே பயந்துவிடுவோம்.

ஒரு கட்டத்தில் அவன் கேட்டது தெளிவாகக் கேட்டது.

"அவளை வீட்டுக்கு வரச் சொல்லுங்க டாலிவரம்மா. அது போதும். நான் இதைக் கீழ வச்சிடறேன்."

சொல்லிவிடுங்களேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். வருவாள் என்று ஒரு வார்த்தை. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"அவ வரமாட்டா, ஆரின்" என்றார். "உன்கிட்ட நான் பொய் சொல்லமாட்டேன்."

ரைஃபிள் மறுபடியும் உயர்ந்தது. பக்கத்தில் ராய் மூச்சை இழுத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நிஜம் அதுதான், மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவர் அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். கொட்டகைக்குள் குதிரைகள் பலகையை உதைக்கிற சத்தம்.

"உள்ள அதுங்க நடுங்குது, கேக்குதா? நீ சுட்டதுலேர்ந்து நடுங்குது. அதுங்க என்னடா பண்ணுச்சு? அதுங்களையாவது வெளிய விடு."

அவன் முகம் கோணிக்கொண்டு போனது. பிறகு தலையைத் திருப்பாமலே உள்ளே சொன்னான், "கயித்தை அவுத்துவிடு."

நாடீன் அவிழ்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவனை உரசிக்கொண்டு போன ஒவ்வொரு குதிரையின் கழுத்தையும் இடது கையால் தடவிக் கொடுத்தான். வலது கையில் ரைஃபிள். கடைசியாக அந்தக் கிழட்டுப் பெண்குதிரை. அதன் அந்தப் பக்கத்தில், பிடரியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நாடீன்.

அவனுக்குத் தெரியாமல் இல்லை. குதிரைக்கு அடியில் அவளுடைய கால்கள் நடப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அவனும் பார்த்தான். இடது கையைக் குதிரையின் கழுத்தில் வைத்தான். வைத்தபடியே அது நகர நகர விட்டான். வால் வரைக்கும். அவ்வளவுதான். நாடீன் தெருவைக் கடந்துவிட்டாள்.

அவன் கதவடியிலேயே சரிந்து உட்கார்ந்தான். ரைஃபிள் மடியில்.

"லெனோர்" என்றார் ஹெஸ்டர், திரும்பாமல். "ஒரு குவளை தண்ணி கொண்டா. மெதுவா நட."

நான் நடந்தேன். கடிக்கிற பூட்ஸோ, கண்ணாடி கீறின தோளோ எதுவும் ஞாபகமில்லை. குவளையில் தண்ணீர் தளும்புவது மட்டும் தெரிந்தது. ஆரின் என்னைப் பார்த்தான், நட்சத்திரத்தைப் பார்த்தான்.

"உங்க ரெண்டு பேர்ல யார் என்னை ஜெயில்ல போடப்போறீங்க?"

"நான்தான்" என்றார் ஹெஸ்டர். "குடி முதல்ல."

குடித்தான். குடித்து முடித்ததும் அவர் கையை நீட்டினார். விருந்தாளி சாப்பிட்டு முடித்த தட்டை வாங்குவது போல ரைஃபிளை வாங்கிக்கொண்டார்.

ராய்தான் விலங்கு மாட்டி அழைத்துப்போனான். நான் பையைத் திருப்பிக் கொடுக்கக் காருக்குப் பின்னால் போனேன். அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து வாயைத் துடைத்தார். சாவியை எடுத்தார், கை ஆடிய ஆட்டத்தில் சாவி கதவு ஓட்டைக்குள் போகவே இல்லை. என்னிடம் நீட்டினார். நான் ஓட்டினேன். வழியெல்லாம் பேசவில்லை. ஊர் எல்லையில் மட்டும் சொன்னார்: "எப்பவும் இப்படித்தான். முடிஞ்சப்புறம் வரும்."

நான் இருபது வருஷமாகத் தைரியசாலிகளை நடித்துக்கொண்டிருக்கிறேன். இன்றுதான் ஒருவரைப் பார்த்தேன்.

மார்ச் 11, ஞாயிறு

காப்பிக்கடையில் ராய் லண்டீனைச் சுற்றி ஒரு கூட்டம். வாளிமேல் உட்கார்ந்து கதை பேசுவதற்கெல்லாம் ஒரு ஷெரிஃபா, அந்த ஆள் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். சிலர் தலையாட்டினார்கள். ராய் கெட்டவன் இல்லை. ஆரின் சுட்டிருக்கலாம்தான்.

அது ஹெஸ்டருக்கும் தெரியும் அல்லவா? தெரிந்துதானே வாளியைக் கவிழ்த்தார்?

மார்ச் 12, திங்கள்

தயாரிப்பாளர் ஆர்ல் ஃபின்ச் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்தார். நடந்ததைக் கேட்டு அவருக்கு ஒரே குஷி. நான் கொட்டகைக் கதவில் துப்பாக்கியோடு நிற்பதாகப் பத்திரிகைக்கு ஒரு போட்டோ வேண்டுமாம். முடியாது என்றேன். என் வாழ்க்கையில் ஒரு தயாரிப்பாளரிடம் அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

சொன்னதோடு நிறுத்தாமல் கடைசிக் காட்சியைப் பற்றியும் கேட்டேன். அவள் ஏன் நட்சத்திரத்தைக் கொடுக்க வேண்டும்? இத்தனையும் செய்தவள் எதற்காகக் கொடுப்பாள்?

"கல்யாணத்துக்குத்தாம்மா" என்றார் ஃபின்ச். "ஜனங்க பாப்கார்ன் வாங்கிட்டு வந்து உக்காந்திருக்காங்க. அவங்களுக்குக் கல்யாணம் வேணும்."

எழுதியபடி எடு என்று வால்டிடம் சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பிப் போய்விட்டார். வால்ட் பாலைக் குடித்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 13, செவ்வாய்

கொலைகாரனோடு மோதும் காட்சி. என் கை நடுங்கும், டேன் சுடுவான். ஒத்திகையின்போது வால்ட் என்னைத் தனியே கூப்பிட்டார்.

சனிக்கிழமை நான் காரோடு எங்கே போனேன், என்ன பார்த்தேன் என்று கேட்டார். சொன்னேன். வாந்தியையும் சொன்னேன், சாவியையும் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஃபின்ச் கை நடுங்கணும்னு சொன்னார். நடுங்கட்டும்" என்றார். "எப்ப நடுங்கணும்னு எழுதலையே."

ஆக இன்று நான் நேராக நடந்து போய்க் கொலைகாரனின் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கினேன். அவனை ஜெயிலில் தள்ளிப் பூட்டினேன். எல்லோரும் போன பிறகு, சாவியை ஆணியில் மாட்ட முயன்றேன். மாட்ட முடியவில்லை. நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஞாபகப்படுத்திக்கொண்டேன், வந்துவிட்டது.

டேன் சுடுகிற இடம் போய்விட்டது. முறுக்கிக்கொள்வான் என்று நினைத்தேன். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 14, புதன்

கடைசி நாள், கடைசிக் காட்சி. ஃபிலிம் ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். ஒரு தடவைதான் எடுக்க முடியும். சூரியனும் காத்திருக்கவில்லை.

வால்ட் எதையும் மாற்றவில்லை. "எழுதியிருக்கறபடி" என்று எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

தெரு நடுவில் நான். டேன் நடந்து வருகிறான். நின்று, சிரித்து, கையை நீட்டுகிறான். நான் நட்சத்திரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றத்தான் கையைக் கொண்டுபோனேன். சத்தியமாக, வேறு எந்தத் திட்டமும் என்னிடம் இல்லை. விரல் நட்சத்திரத்தின்மேல் பட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

கேமரா ஓடுகிறது. டேனின் கை நீட்டியபடி இருக்கிறது. அவன் கண்ணைப் பார்க்கிறேன். அவனும் பார்க்கிறான். வால்ட் நிறுத்தச் சொல்லவில்லை. ஹெஸ்டர் போலப் பேசாமல் இருந்தேன். அது எவ்வளவு கனமான காரியம்! நான் கண்ணை மட்டும் தாழ்த்தவில்லை.

டேன் கையை மெல்லக் கீழே இறக்கினான். பிறகு, இந்த மனுஷன், காற்றடித்த நாளெல்லாம் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவன், அதைக் கழற்றினான். மார்பில் வைத்து எனக்குத் தலை வணங்கினான். திரும்பித் தெருவோடு நடந்து போய்விட்டான். காற்றில் அந்தப் பொய்முடி ஒரு பக்கம் தூக்கியது. அவன் கையை மேலே கொண்டுபோகவே இல்லை.

நான் அப்படியே நின்றேன். கேமராக்காரர்தான் கடைசியில் சொன்னார், "தீர்ந்துபோச்சு."

வால்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மில்லி அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு டேனிடம் போனேன். அவன் முந்திக்கொண்டான்.

"நான் வண்டிக்கு அடியில கிடந்தேன் லென். அங்கேர்ந்து அந்தம்மா உக்காந்திருந்தது நல்லா தெரிஞ்சுது" என்றான். "காத்து இன்னும் கொஞ்சம் அடிச்சிருந்தா என் பொழப்பும் பறந்திருக்கும்."

மார்ச் 15

ஊர் திரும்புகிறோம். காலையில் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனேன். அவர் இல்லை. எங்கோ கால்வாயில் விழுந்த மாட்டைத் தூக்கப் போயிருக்கிறாராம்.

மே 22

ஃபின்ச் படத்தைப் பார்த்துவிட்டார். என்னை இனி எந்தப் படத்துக்கும் எடுக்கமாட்டாராம். வால்டையும்தான். ஆனால் முடிவைத் திரும்ப எடுக்க மெர்ஸி வெல்ஸுக்கு இன்னொரு பயணம் போக மனசு வரவில்லை அவருக்கு. அப்படியே விட்டுவிட்டார்.

அக்டோபர் 13, சனி

மெர்ஸி வெல்ஸ் தியேட்டரில் இன்று எங்கள் படம். என் செலவில் வந்தேன். ஊரே வந்திருந்தது. தங்கள் தெருவையும் தங்கள் குதிரைகளையும் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். அட்டைச் சுவர் ஆடியபோது சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரே கொள்ளைக்காரன் மூன்றாவது தடவை செத்தபோது கைதட்டினார்கள்.

ஹெஸ்டர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பை மடியில். வரிசையின் மறுகோடியில் ராய் லண்டீன், குடும்பத்தோடு. சுவரெல்லாம் இருவருடைய தேர்தல் விளம்பரங்களும் அருகருகே ஒட்டியிருந்தன. யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டதற்குக் காப்பிக்கடைப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

சாவியை ஆணியில் மாட்டும் காட்சி வந்தது. சிரிப்பு நின்றது. திரையில் என் கை ஆடுகிறது. சாவி மாட்டவில்லை. நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை. ஒரு கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. கரகரப்பான, சின்னக் கை. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

கடைசிக் காட்சிக்குச் சற்று முன்னால் யாரோ குனிந்து வந்து அவர் காதில் ஏதோ சொன்னார்கள். எழுந்து போய்விட்டார். தெற்குச் சாலையில் ஒரு லாரி கவிழ்ந்திருக்கிறதாம்.

நட்சத்திரத்தின்மேல் கை நின்றபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல், "குடுத்துடாத" என்றது. மெதுவாகத்தான். எல்லோருக்கும் கேட்டது.

விளக்கு போட்ட பிறகும் ஜனங்கள் உடனே எழுந்திருக்கவில்லை. ராய் என்னைக் கடந்து போகும்போது நின்றான். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான்.

வெளியே ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு ஹெஸ்டர் வந்து சேர்ந்தார். செருப்பெல்லாம் சேறு, கவுனில் கிரீஸ். லாரிக்காரனுக்குக் கை முறிந்ததோடு போயிற்றாம்.

"முடிஞ்சிருச்சா? கடைசில யாரைக் கட்டிக்கிட்ட?"

"யாரையும் இல்ல."

"வேலை?"

"என்கிட்டதான் இருக்கு."

தலையாட்டினார். "அப்ப சரி. வா, ஏதாவது சாப்பிடலாம். காலையிலேர்ந்து பட்டினி."

நவம்பர் 7, புதன்

விடிந்ததும் எழுந்துவிட்டேன். ரேடியோவில் ஜனாதிபதித் தேர்தல் முடிவைத் தவிர வேறு பேச்சே இல்லை. யாருக்கு வேண்டும் அது? அரிசோனாவின் ஒரு மூலை மாவட்டத்தைப் பற்றி இந்த ஊரில் யார் சொல்லப்போகிறார்கள்?

பத்து மணிக்கு ஒரு டெலிவிஷன் நாடகத்துக்கு ஒத்திகை. கதாநாயகனின் அம்மா வேடம். பரவாயில்லை. இந்த அம்மாவுக்கு இரண்டு இடத்தில் பேசாமல் இருக்க வேண்டிய காட்சி இருக்கிறது, அதை எனக்கு விட்டுவிடுங்கள் என்று டைரக்டரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன் ஹெஸ்டரின் ஆபீசுக்கு வெளியூர் அழைப்புக்குப் பதிவு செய்தேன். காத்திருந்தேன். என்ன கேட்பது? தோற்றிருந்தால் என்ன சொல்வது? வைத்துவிடலாமா என்று நினைத்தபோது மணி அடிப்பது நின்று அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"ஷெரிஃப் டாலிவர் ஆபீஸ்" என்றது நாடீனின் குரல், வேலை மும்முரத்தில். "சொல்லுங்க."

ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"ஹலோ? யாருங்க? ஷெரிஃப் இல்ல, ஜெயிச்ச கையோட கிழக்குப் பண்ணையில வேலி விழுந்துடுச்சுன்னு போயிருக்காங்க. ஏதாவது சொல்லணுமா?"

ஒன்றுமில்லை, அப்புறம் கூப்பிடுகிறேன் என்றேன். ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது. போகிறேன்.